கரிசல் அடுக்களையில் தேங்காய்: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் ஒரு வாங்குபொருளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் சமையலைப் பற்றிய எழுத்துகள் பச்சைத் தேங்காயை எல்லா வட்டாரத்துக்கும் பொதுவான, எளிதில் கிடைக்கும் பொருளாகக் கொள்கின்றன. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய கரிசல் ஊர்களின் அடுக்களைக்குத் தேங்காய் சந்தையிலிருந்தும் கோயிலிலிருந்தும் வந்தது. சொந்தத் தோட்டத்திலிருந்து வந்தது மிகக் குறைவு. அந்த வரவின் தன்மையே சமையலில் தேங்காயின் அளவையும் பதத்தையும் தீர்மானித்தது என்பதையும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் வேலை ஒழுங்கு அதை மேலும் மாற்றியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கரிசல், தேங்காய், மூடி, சில்லு, துவையல், தூக்குச்சட்டி, சிவகாசி

முன்னுரை

கு. காமராசர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். அவருடைய தந்தை குமாரசாமி தேங்காய் வணிகம் செய்தவர் என்பது வாழ்க்கை வரலாற்று நூல்கள் தரும் செய்தி. தந்தையின் மறைவு, பாதியில் நின்ற படிப்பு, மாமனின் துணிக்கடை என்று விரைந்து செல்லும் அந்நூல்கள் தேங்காய்க் கடையில் நிற்பதில்லை. நிற்க வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. உணவு வரலாற்றை ஆராய்பவருக்கோ அந்தக் கடை ஒரு கேள்வியை எழுப்புகிறது. வீட்டுக் கொல்லையில் தென்னை நிற்கும் ஊரில் தேங்காய்க் கடை பெரிதாக நடக்காது. விருதுபட்டியில் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பாக இருந்தது என்றால், அவ்வூரார் தேங்காயை விலை கொடுத்து வாங்கினர் என்பதே பொருள்.

விலை கொடுத்து வாங்கிய தேங்காய் அடுக்களையில் என்ன ஆயிற்று என்பதற்கு அச்சு நூல்களில் விடை தேடுவது கடினம். தஞ்சை மராட்டியர் அரண்மனையைச் சார்ந்த சரபேந்திர பாகசாஸ்திரம் முதல், 1951இல் முதற்பாகம் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வரை, சமையல் வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டப்படும் நூல்கள் அரண்மனையிலும் காவிரிப் பாசனத்திலும் சென்னை நடுத்தர வர்க்கத்திலும் வேர்கொண்டவை. தேங்காயைத் துருவிப் போடு, அரைத்துவிடு என்று அவை கூறும்போது, தேங்காய் வீட்டில் இருக்கிறது என்பது சொல்லாமலே பெறப்படும். கரிசல் காட்டின் அடுக்களை அவற்றில் இல்லை. கரிசலைப் பேசிய கி. ராஜநாராயணன் முதலான புனைகதையாளர்களின் எழுத்தில் கம்பும் சோளமும் மொச்சையும் கருப்பட்டியும் முன்நிற்கின்றன. ஆகவே இவ்வட்டாரத் தேங்காயின் வரலாற்றை நிலம், சந்தை, வழிபாடு, தொழிற்சாலை ஆகியவற்றின் வரலாறுகளிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.

நிலமும் இரு மரங்களும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கும் முன்பு, 1910 வரை, சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், விருதுபட்டி ஆகியன திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அருப்புக்கோட்டை மதுரையோடு இருந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினாலும் மண்ணின் எல்லை ஒன்று மாறாமல் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாகிய வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சேத்தூர்ப் பகுதி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளாலும் கண்மாய்களாலும் நீர் பெறுகிறது. அங்கே நெல்லும் மாவும் தென்னையும் உண்டு. அதற்குக் கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் விரிகிறது; பருத்தி, கம்பு, சோளம், எள், உளுந்து, மிளகாய், நிலக்கடலை ஆகியன அதன் விளைச்சல். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை.

மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பாய்ச்சல் இன்றித் தென்னை நன்கு காய்ப்பதற்கு இதைவிட மிகுதியான, ஆண்டு முழுதும் பரவிப் பெய்யும் மழை தேவை. மூதுரையில் ஒளவையார் நன்றிக்குத் தென்னையை உவமை காட்டும் இடத்திலும் மரத்தடியில் யாரோ ஒருவர் நீர் ஊற்றியிருப்பது முன்நிபந்தனையாக உள்ளது. உவமையின் நயத்தைப் பேசும் உரைகள் அந்த நீரை எங்கிருந்து கொண்டு வருவது என்று கேட்பதில்லை. கரிசல் உழவர் கேட்டிருப்பார்.

கரிசலையும் தேரியையும் சார்ந்த மரம் பனை. ‘தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்னும் பழமொழி இரண்டும் பலன் தரும் கால வேறுபாட்டைச் சொல்கிறது என்றே பொதுவாக விளக்கப்படும். அதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பனை விதைத்தவன் போன பின்பும் தானாக நிற்கும்; தென்னையை வைத்தவன் உயிரோடு இருந்து நீர் பாய்ச்ச வேண்டும். நீர் இல்லாத நிலத்தில் இனிப்புக்குக் கருப்பட்டியும், கூரைக்குப் பனையோலையும், குடிக்கப் பதநீரும் பனையிலிருந்தே கிடைத்தன. பனையால் தர இயலாத ஒன்று கொழுப்பு மிகுந்த பருப்பு. அவ்விடத்தை எள்ளும் பிற்காலத்தில் நிலக்கடலையும் நிரப்பின.

இவ்வட்டாரச் சமையல் எண்ணெய் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயுமாக அமைந்ததற்கு இதுவே அடிப்படை. மலைக்கு அப்பால் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் தாளிப்புக்கு ஆகிறது. இப்பால் கரிசலில் அது தலைக்கு ஆகிறது. விருதுநகர்ச் சந்தை எண்ணெய்க்குப் பெயர் பெற்றதும், ‘இதயம்’ போன்ற நல்லெண்ணெய் வணிகப் பெயர்கள் அங்கிருந்து எழுந்ததும் இதன் நீட்சி. தேங்காய் இங்கே எண்ணெயாக அன்றிக் காயாகவே, அதாவது பச்சையாகவே அடுக்களைக்குள் வந்தது.

சந்தையும் இருப்புப் பாதையும்

இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூல், தெற்கிலிருந்து வடக்கே வணிகத்துக்காக வந்து குடியேறியோர் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகளை அமைத்ததையும், விற்கும் சரக்கின் மீது மகமை தண்டிப் பொதுநிதி சேர்த்ததையும் விரிவாக விளக்குகிறது. மாட்டுவண்டியில் சென்ற சரக்குகளில் கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை போன்றவை முதன்மையானவை. இப்பட்டியலின் பொதுத்தன்மை கவனிக்கத்தக்கது. இவை அனைத்தும் உலர்ந்தவை அல்லது நெடுநாள் கெடாதவை. வறண்ட பாதையில் நாள் கணக்கில் செல்லும் வண்டிக்கு ஏற்ற சரக்குகள் இவையே.

தேங்காய் இவ்வரிசையில் ஒரு விந்தையான சரக்கு. உரிக்காமலோ குடுமியோடு உரித்தோ வைத்தால் அது வாரக்கணக்கில் நிற்கும். உடைத்த மறுகணம் அது ஈரமான, விரைந்து கெடும் பொருளாகிவிடும். முற்றிய தேங்காய்ப் பருப்பின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு நீர். 33 விழுக்காடு கொழுப்பு. காய்ந்த கொப்பரையில் நீர் 6 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். வணிகருக்குத் தேங்காய் உலர்சரக்கு. வாங்கி உடைத்த பெண்ணுக்கோ அன்றே கணக்குத் தீர்க்க வேண்டிய பச்சைச்சரக்கு. பின்வரும் சமையல் முறைகள் பலவும் இந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சிகளே.

மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான இருப்புப் பாதை 1876இல் விருதுபட்டி வழியாகத் திறக்கப்பட்டது. 1927இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை அமைந்தது. (விருதுபட்டி 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறியிருந்தது.) இரண்டாவது பாதையின் போக்கு இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. அது மலையடிவாரத் தென்னந்தோப்புகளையும் கிழக்கே உள்ள கரிசல் நகரங்களையும் ஒரே கோட்டில் இணைத்தது; தென்காசிக்கு அப்பால் செங்கோட்டை வழியே கொல்லம் வரை செல்லும் பாதையோடும் சேர்ந்தது. தோப்பு உள்ள ஊரும் தோப்பு இல்லாத ஊரும் ஒரு பகல் பயணத்துக்குள் வந்தன. தேங்காயின் வரவு இதனால் எளிதாகியிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆயினும் வாங்குவோர் கையில் நாள்தோறும் காசு புழங்காதவரை அது நாள்தோறும் வாங்கும் பொருளாக ஆகியிருக்க முடியாது.

முழுக்காய், மூடி, சில்லு

கரிசல் வீட்டில் தேங்காய்க்கு மூன்று அளவுகள் உண்டு. முழுத் தேங்காய், மூடி, சில்லு. இவை வெறும் முகத்தல் அளவுகளாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் ஒரு சமூகச் சூழலைக் குறிக்கின்றன.

முழுத் தேங்காய் தெய்வத்துக்கு உரியது. விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், அர்ச்சுனாவும் வைப்பாறும் கூடும் இடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மனின் ஆடித் திருவிழா, சிவகாசிப் பத்திரகாளியம்மன் விழா, கடைகளில் அமாவாசைப் பூசை என்று வழிபாட்டு நாள்காட்டியே தேங்காய் வாங்கும் நாள்காட்டியாகவும் இருந்தது. உடைத்த காயின் ஒரு பாதியோ இரண்டுமோ வீட்டுக்குத் திரும்பும். அன்று மாலையோ மறுநாளோ அந்த வீட்டுக் குழம்பில் தேங்காய் இருக்கும். தோப்புள்ள ஊரில் சமைக்க வேண்டியதால் தேங்காய் உடைக்கப்படுகிறது. இங்கே தேங்காய் உடைக்கப்பட்டதால் அதற்கேற்பச் சமைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக் குழம்பின் சுவைக்கும் மற்ற நாள் குழம்பின் சுவைக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்தியோடு மட்டும் தொடர்புபடுத்துவது போதாது.

மாவிளக்கு இந்தச் சுழற்சியின் மிகச் செறிந்த வடிவம். இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, நெய்த்திரி ஏற்றி வழிபட்ட பின், உடைத்த தேங்காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி மாவோடு கலந்து பங்கிடுவர். அடுப்பே ஏறாத பண்டம் இது. ஈரமான தேங்காய் சேர்ந்த மாவு அன்றே உண்ணப்பட வேண்டும். எனவே பங்கிடுதல் அதில் அறமாக மட்டுமன்றித் தேவையாகவும் உள்ளது. இதற்கு மாறாகத் திருவில்லிபுத்தூர், பாலும் நெய்யும் சார்ந்த இனிப்பு மரபுக்குப் பெயர் பெற்றது. ஆண்டாளோடு தொடர்புடைய அக்காரவடிசிலிலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவிலும் தேங்காய்க்கு வேலையில்லை. தென்னை விளையும் பக்கத்தின் புகழ்பெற்ற இனிப்புகளில் தேங்காய் இல்லை. விளையாத பக்கத்தின் வழிபாட்டு இனிப்பில் அது இருக்கிறது.

மூடி விருந்தாளிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது. ஆட்டுக்கறிக் குழம்புக்கு அரை மூடித் தேங்காயைச் சீரகம், சோம்போடு அரைத்து இறக்கும் தறுவாயில் சேர்ப்பர். முன்பே ஊற்றி நெடுநேரம் கொதிக்க விட்டால் குழம்பு திரிந்துவிடும் என்பது அடுக்களை அறிவு. தேங்காய்ப்பாலில் உள்ள புரதம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் திரளத் தொடங்குகிறது என்பது அதன் அறிவியல் விளக்கம். எஞ்சிய பாதியைப் பாதுகாப்பதற்கும் முறைகள் உண்டு. கண்ணுள்ள மூடி முதலில் கெடும் என்று அதை முந்திச் செலவழிப்பர். மற்றதில் உப்புத் தடவி வைப்பர். துண்டுகளைத் துவரம்பருப்புப் பாத்திரத்துக்குள் புதைத்து வைப்போரும் உண்டு. குளிர்பெட்டி வருவதற்கு முன்பிருந்தே வழங்கும் இவ்வழிமுறைகள், ஒரு காயை இரண்டு மூன்று நாள் நீட்டிக்க வேண்டியிருந்த வீடுகளின் சான்றுகள்.

சில்லுதான் அன்றாடத்தின் அளவு. பலசரக்குக் கடையிலும் காய்கறிக் கடையிலும் உடைத்த காயைக் கீறிச் சில்லுகளாக விற்பது தமிழகத்தில் பரவலாக உள்ள வழக்கமே. வேறிடங்களில் ‘பத்தை’ எனப்படுவதும் இதுவே. ஒரு சில்லுத் தேங்காயால் ஒரு குடும்பத்துக்குச் சட்னி அரைக்க இயலாது. எனவே அதனோடு ஒரு பிடி பொட்டுக்கடலை சேர்கிறது. அல்லது வறுத்த நிலக்கடலை. கடலை உடம்பாகவும் தேங்காய் மணமாகவும் அமையும் இச்சட்னியைத் ‘தேங்காய்ச் சட்னி’ என்றே அழைப்பர் என்பது சுவையான முரண். சிற்றுண்டிச் சாலைகளும் இதே வழியைப் பின்பற்றின. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவின் கொழகொழப்பு தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா ஆகியவற்றை அரைத்த விழுதிலிருந்து வருகிறது. இவற்றுள் எது எவ்வளவு என்பது அன்றைய விலைவாசியைப் பொறுத்தது.

கலப்படம் என்றோ சிக்கனம் என்றோ இதை ஒதுக்கிவிடக் கூடாது. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை சேர்ப்பதைக் குறைபாடாகக் கருதும் சமையல் எழுத்து, தேங்காய் விளையும் நிலத்தின் சுவையை அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசுகிறது. கரிசலின் அளவுகோலில் கடலையே மூலப்பொருள், தேங்காயே சேர்மானம். காணப்பயற்றை வறுத்து, மிளகாய் வற்றல், பூண்டு, புளியோடு அரைக்கும் காணத்துவையலில் ஒரு சில்லுத் தேங்காய் சேர்வதும் இவ்வாறே. பயற்றின் வறட்சியைத் தேங்காயின் கொழுப்பு சற்றே தணிக்கிறது. தேங்காய் இல்லாமலும் அத்துவையல் உண்டு. தேங்காய் இருந்தால் நல்லது என்பதே அதன் இலக்கணம்.

தீ விலக்கிய வளாகமும் தூக்குச்சட்டியும்

தென்னைக்கு ஒவ்வாத வறட்சி வேறொரு தொழிலுக்கு உகந்ததாக அமைந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மறு ஆண்டு திரும்பினர். ஈரம் குறைந்த காற்றும், மழை குறைந்த வானமும், வேளாண்மை கைவிட்ட உழைப்பாளரும் இத்தொழில் வேரூன்றக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. குச்சி உலர்வதற்கும் மருந்து காய்வதற்கும் உதவிய அதே வெயில்தான் உடைத்த தேங்காயை நண்பகலுக்குள் புளிக்க வைப்பதும்.

இந்தத் தொழில்களால் வாரக்கூலி என்னும் வரவு கரிசல் கிராமங்களுக்குள் வந்தது. விளைச்சல் காலத்தில் மட்டும் கையில் பணம் காணும் வீட்டுக்கும், சனிக்கிழமைதோறும் சிறிதாவது காசு பெறும் வீட்டுக்கும் கடைத்தெருவில் வேறுபாடு உண்டு. சில்லுத் தேங்காயின் அன்றாடப் புழக்கத்தை இந்த வாரக்கூலியோடு இணைத்துப் பார்ப்பது பொருந்தும். ஆனால் கூலி காசைக் கொடுத்த அளவுக்கு நேரத்தை எடுத்துக்கொண்டது.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி ஸ்மிது கோத்தாரி 1983இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையும், மைரன் வைனர் 1991இல் வெளியிட்ட நூலும், விடியுமுன் கிராமங்களுக்குச் சென்று வேலையாட்களை ஏற்றி வரும் ஆலைப் பேருந்துகளைப் பதிவு செய்துள்ளன. குழந்தை உழைப்பின் கொடுமையும் சட்டத்தின் செயலின்மையுமே அவ்வாய்வுகளின் பொருள். அவை அவ்வாறு இருந்ததே முறை. அந்தப் பேருந்தில் ஏறிய ஒவ்வொருவர் கையிலும் இருந்த தூக்குச்சட்டியின் உள்ளடக்கம் இன்னும் எழுதப்படாத பகுதியாகவே நிற்கிறது. இருட்டில் ஏறும் பிள்ளைக்கும் தாய்க்கும் அதற்கும் முன்பே சமைத்தாக வேண்டும். சமைத்தது மதியம் வரை நிற்க வேண்டும்.

பட்டாசு ஆலைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. வெடிபொருள் விதிகளின்படி வளாகத்துக்குள் தீக்கு இடமில்லை. சிறு சிறு அறைகள், அவற்றுக்கிடையே இடைவெளி, அறைக்குள் குறைந்த எண்ணிக்கையில் ஆட்கள் என்ற அமைப்பே தீ பற்றினால் பரவாதிருப்பதற்கானது. வேறு வேலைத்தலங்களில் மூன்று கற்களைக் கூட்டிக் குழம்பைச் சூடாக்கிக்கொள்ள இயலும். வயற்காட்டில் அது வழக்கம். பட்டாசு ஆலையில் உணவு ஆறியே உண்ணப்படும். நாட்டின் பட்டாசுகளில் பெரும்பகுதியைச் செய்யும் ஒரு வட்டாரத்தின் மதிய உணவு இவ்வாறு தீயின் அண்மை இல்லாமலே உருவாயிற்று.

கோடையில் 38, 40 பாகை வெப்பத்தில் ஏழெட்டு மணி நேரம் மூடிய பாத்திரத்தில் பச்சைத் தேங்காய் அரைத்த எதுவும் தாங்காது. இட்லிக்கு ஊற்றிய சட்னி வீட்டில் உண்ணும் காலை உணவோடு முடிந்துவிட வேண்டும். தூக்குச்சட்டிக்குரிய தேங்காய் வேறு பதம் கொண்டது. அது வறுத்த தேங்காய். சில்லைத் தணலில் வாட்டியோ, துருவலைச் சட்டியில் பொன்னிறமாக வறுத்தோ, மிளகாய் வற்றல், புளி, உப்போடு நீர் தெளித்துக் கெட்டியாக அரைத்தெடுக்கும் துவையல் அது. வறுக்கும்போது பருப்பின் நீரில் பெரும்பகுதி ஆவியாகிறது. புளியும் உப்பும் எஞ்சிய ஈரத்தில் கேடு பரவுவதைத் தாமதப்படுத்துகின்றன. கொழுப்பு வெளிப்பட்டுக் கருகிய மணம் ஏறுகிறது. கஞ்சிக்கும் மோர்ச் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள ஒரு நெல்லிக்காயளவு போதும். பச்சைத் தேங்காயை மறுபடியும் பாதி உலர்சரக்காக்கும் வேலையை இந்த வறுவல் செய்கிறது என்று கூறலாம். வணிகர் வண்டியில் ஏற்றிய உலர்சரக்குகளின் தர்க்கம் இங்கே தூக்குச்சட்டிக்குள் தொடர்கிறது.

தென்பாண்டிச் சமையலில் வறுத்தரைத்தல் ‘மணத்துக்காக’ என்று விளக்குவது பரவலான மரபு. மணத்தை மறுக்க வேண்டியதில்லை. சுட்ட தேங்காய்த் துவையலை உண்டவர் எவரும் மறுக்கவும் மாட்டார். எனினும் தீப்பெட்டி, பட்டாசு வட்டாரத்தில் அம்முறைக்குக் கிடைத்த அன்றாட இடத்தை மணம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிட முடியாது. அதற்குப் பேருந்து நேரமும் வெயிலும் தீத்தடையும் சேர்ந்த விளக்கம் வேண்டும்.

அம்மியிலிருந்து மிக்ஸிக்கு

அரைத்தல் பெண்களின் உழைப்பு. துருவியில் உட்கார்ந்து மூடியைத் திருகித் துருவுவதும், அம்மியில் நீர் தெளித்து வழித்து வழித்து அரைப்பதும் விடியுமுன் நடக்க வேண்டியிருந்த வீடுகளில், துவையல் கெட்டியாகவும் கொரகொரப்பாகவும் இருந்ததற்கு நேரமின்மையும் ஒரு காரணம். வெண்ணெய் போல அரைத்தெடுக்கும் குழம்பு விழுது ஓய்வுநாளின் சமையல்.

மின்சார அரவைப் பொறிகள் 1970களுக்குப் பின் நடுத்தர வீடுகளில் பரவின. கூலி வீடுகளுக்குள் அவை முழுமையாக நுழைந்ததில் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. அத்திட்டத்தைப் பற்றிய அரசியல் விவாதம் ‘இலவசம்’ என்ற சொல்லைச் சுற்றியே நின்றுவிட்டது. ஆலைப் பேருந்துக்கு முன் எழும் பெண்ணுக்கு அது எத்தனை நிமிடம் தந்தது, அந்த நிமிடங்களில் என்ன சமைக்கப்பட்டது என்பவை உணவு வரலாற்றின் கேள்விகள். சுவையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. மிக்ஸியின் விரைந்து சுழலும் அலகு வெப்பம் உண்டாக்கும். கெட்டியான துவையலை அது எளிதில் சுற்றாது, நீர் கேட்கும். நீர் சேர்ந்தால் துவையல் சட்னியாகும். சட்னி தூக்குச்சட்டியில் நிற்காது. இதனால் வறுத்த தேங்காயையும் மிளகாயையும் முதலில் நீரின்றிப் பொடித்து, பின்பு புளிக்கரைசலைச் சிறிதாகச் சேர்க்கும் முறை வழக்கில் உள்ளது. கருவி மாறியபோதும் பழைய பதத்தைக் காக்கும் ஏற்பாடு அது.

அடுமனைத் தேங்காய்

தீச்சூட்டில் வேகவைக்கும் ரொட்டி மரபு இவ்வட்டார வீடுகளுக்கு உரியதன்று. வீட்டு அடுப்பில் தேங்காயும் இனிப்பும் சேர்ந்தவை கொழுக்கட்டைப் பூரணம், சுழியம், போளி போன்றன. துருவலை வெல்லப்பாகில் கிளறி நீர் வற்றச் சுருட்டினால் பூரணம் இரண்டு நாள் தாங்கும். தீபாவளியை ஒட்டிச் சுழியம் செய்யும் வீடுகளில், அந்தத் தீபாவளிக்கான வேலையே ஆண்டு முழுவதும் நடந்திருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நகரங்களில் பெருகிய பேக்கரிகள் தேங்காய் பன், தேங்காய் பிஸ்கட், உள்ளே இனிப்புத் தேங்காய் வைத்த தில்பசந்த் ஆகியவற்றைக் கொண்டுவந்தன. அவற்றுள் பலவற்றுக்கு ஆவது பச்சைத் தேங்காயன்று. ஆலையில் துருவி உலர்த்திய தேங்காய்த் தூள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் ஏற்றுமதிக்காக வளர்ந்த தொழிலின் வழிவந்த பொருள் அது. பன்னின் மாவுக்கு உலர்தூள் பொருந்துவதற்கும், தூக்குச்சட்டிக்கு வறுத்த தேங்காய் பொருந்துவதற்கும் காரணம் ஒன்றே. பாதி எடை நீராக உள்ள பச்சைத் துருவலை அப்படியே மாவில் கொட்டினால் கேக்கின் நடுப்பகுதி வேகாமல் களியாகும். மறுநாளே ஊசல் வாடை வரும். இன்று வீட்டில் ஓவன் வைத்துக் கேக் செய்வோர் பச்சைத் துருவலை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் ஈரம் போகப் புரட்டிவிட்டு, மாவில் ஊற்றும் பாலையும் சிறிது குறைத்துக்கொள்வது நன்று. இதைப் புதிய நுட்பமாக எண்ண வேண்டியதில்லை. துவையலுக்கு வறுத்த கை அறிந்த செயலே அது.

பச்சையும் உலர்ந்ததும் ஆகிய இந்த இரு தேங்காய்களுக்கு இடையில் கரிசலின் தெரிவு எது என்பதற்குச் சிவகாசிக்குத் தெற்கே, தீப்பெட்டித் தொழிலால் அதனோடு பிணைந்த கோவில்பட்டியில் ஒரு சான்று உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லப்பாகும் கொண்டு செய்யப்படுவது. இரண்டும் அவ்வட்டாரச் சந்தையின் சரக்குகள். பாகு இறுகுமுன் அதன் மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவலை இழை இழையாகத் தூவுவர். கடலையை எடுத்துவிட்டால் மிட்டாய் இல்லை. துருவலை எடுத்துவிட்டாலும் மிட்டாய் மிட்டாயே. ஆயினும் தூவுவதே வழக்கம்.